மேலே நின்றவள்

அவள் கூண்டில் ஏறியதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏழு வருடத்துக்கு முன் இப்படி ஒரு கூண்டில் நின்றுதான் அவள் அவனைக் கைகாட்டினாள். தன் புருஷன் உச்சிமாகாளியை வெட்டியது இவன்தான் என்றாள்.

வேறு சாட்சி கிடையாது. அவள் கண் ஒன்றே போதும் என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

செய்யாத கொலை. பாளையங்கோட்டைச் சிறையில் சோறு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அவளைச் சபிக்காமல் அவன் படுத்ததில்லை. வாய் கூசாமல் பொய் சொன்னவள், நாசமாய்ப் போக.

இப்போது மதுரையில் மேல்முறையீடு.

அவனுடைய வக்கீல் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பழைய சாட்சியத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

'மேலே நின்று பார்த்தேன்.'

மாடியில் நின்றிருக்கிறாள், வெட்டியவன் முகம் பளிச்சென்று தெரிந்திருக்கும் என்று கீழ்க்கோர்ட்டு முடிவு கட்டியிருந்தது. ஆனால் அதே பக்கத்தில் டீக்கடை 'கீழே' இருந்தது. அம்மன் கோவில் 'மேலே' இருந்தது.

அந்த ஊர்ப்பக்கம் மேல என்றால் மேற்கு. கீழ என்றால் கிழக்கு. அவள் 'மேல' என்றுதான் சொல்லியிருக்கிறாள். சாட்சியத்தை எழுதிய யாரோ ஒரு புண்ணியவான் அதை நல்ல தமிழாக்க நினைத்து ஒரு கொம்பு போட்டுவிட்டார்.

அந்தக் கொம்புதான் அவனைக் குத்தியது.

வெட்டியவன் கிழக்கே பார்த்து ஓடியவன். மேற்கே நின்றவளுக்கு அவன் முகம் எப்படித் தெரியும்?

அவளையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றார்கள் நீதிபதிகள். வந்து நிற்கிறாள்.

எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டார் மூத்த நீதிபதி.

அவள் கொழுந்தன்மார் பின்பெஞ்சில் இருந்தார்கள். வரும் வழியெல்லாம் ஓதியிருப்பார்கள். மாடி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் சாகிறவரை உள்ளேதான்.

அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மாடி இல்லய்யா. மாடின்னா மச்சுன்னுல்லா சொல்லுவோம். நான் மேக்க நின்னேன். முதுகத்தான் பாத்தேன். இவுகதான்னு நெனச்சேன்."

பின்பெஞ்சில் கொழுந்தன் ஒருவன் எழுந்து வெளியே போனான்.

அவன் தலை நிமிர்ந்தான். அவள் அன்றும் பொய் சொல்லியிருக்கவில்லை. நம்பியதைச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குக் கண்டதைச் சொல்கிறாள். கண்டதை மட்டும் சொல்ல அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் மனைவி குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். வக்கீல் கையைப் பிடித்து அழுதாள். அவனும் வக்கீலைக் கும்பிட்டான், நீதிபதிகள் எழுந்துபோன காலி நாற்காலிகளையும் கும்பிட்டான். இருந்தும் மனசு ஆறவில்லை. சொல்ல வேண்டிய நன்றி இன்னும் ஓரிடத்தில் பாக்கி இருந்தது.

கூட வந்த போலீஸ்காரரிடம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

அவள் தூணோரம் தனியாக நின்றிருந்தாள். கொழுந்தன்மார் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கிட்டப் போய்க் கைகூப்பினான். எத்தனையோ சொல்ல நினைத்தான். நீ நல்லா இருக்கணும் தாயி என்பதுகூட வாயில் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. யாருக்கும் இப்படி மனசார நன்றி சொல்ல அவன் நின்றதில்லை.

அவள் முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். ஜாடையில் எதையோ தேடுவதுபோல நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்க இல்லன்னா, பின்ன யாரு அண்ணாச்சி?"

கூப்பிய கை அப்படியே இருந்தது.

ஏழு வருடத்தில் ஒரு நாளாவது அதை யோசித்திருக்கலாம் என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.