சொல்வதை எழுதுதல்

"ஏலே, குனிஞ்சு எழுதுங்க. பக்கத்துல எவனாச்சும் பார்த்தான், தோலை உரிச்சிருவேன்."

முத்துவீரன் வாத்தியாரின் மேசைமேல் புதுப் பிரம்பு ஒன்று கிடந்தது. எட்டாம் வகுப்பின் முப்பத்தொரு பையன்களும், ஓரத்துப் பலகையில் மூன்று பெண்பிள்ளைகளும் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"'மேற்படி ஆசிரியர்.' எழுதியாச்சா? 'தூங்கி விழுகிறார்.' 'கதர்க்காரர் கூட்டம்.' 'அவசரக் கடிதம்.' 'சட்டைப்பை.'"

அத்தனையும் அந்த மொட்டைக் கடுதாசியில் இருந்த வார்த்தைகள். ஒன்பது வருசம் காத்திருந்து கைக்கு எட்டிய மார்க்கையன்கோட்டை ஹெட்மாஸ்டர் வேலையை, ஜில்லா போர்டு ஆபீசுக்குப் போன அந்த ஒற்றைத் தாள் தட்டிப் பறித்து பக்கத்து ஊர் நல்லகண்ணு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டது. ஆபீஸ் குமாஸ்தா தெரிந்தவர் என்பதால் தாளையே இவர் கையில் ரகசியமாகக் கொடுத்திருந்தார்.

பார்த்ததும் வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. பெரிய ஆள் எழுத்தில்லை; சிலேட்டில் பழகிய பிள்ளை எழுத்து. ழகரத்தின் வாலை மேலே சுழித்து விடுவது அவரே இந்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த அழகு. தன் கையெழுத்து தெரியக் கூடாதென்று நல்லகண்ணு இவர் வகுப்புப் பையன் எவனையோ பிடித்து எழுதவைத்திருக்கிறான். அந்தப் பையனை நொறுக்கி, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நல்லகண்ணுவை ஊர் பார்க்க நாறடிக்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தார்.

முந்தைய நாள் அவர் தின்னாமல் கொள்ளாமல் அந்தத் தாளையே முறைத்துக்கொண்டிருந்தபோது, சம்சாரம் கஸ்தூரியம்மாள் சோற்றுத் தட்டோடு வந்து நின்றாள். ஆண்டிபட்டியில் ஆத்தாளைப் பறிகொடுத்துவிட்டு வந்ததிலிருந்து அவள் பேச்சையே குறைத்திருந்தாள்.

"அதுல என்னதான் எழுதியிருக்கு? வாசிங்களேன்."

"வகுப்புல தூங்கி விழுறேனாம். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கிட்டு போடியில கதர்க்காரக கூட்டத்துக்குப் போனேனாம். வந்த அவசரக் கடிதத்தை மூணு நாள் சட்டைப்பையில போட்டு மறந்துட்டேனாம். என்ன கடிதம்? ஏதோ சர்க்குலரா இருக்கும். அதெல்லாம் அந்த நல்லகண்ணுக்குத்தான் தெரியும்."

"மூணுதானா?"

"மூணு பத்தாதா உனக்கு?"

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில், "எழுதுன பிள்ளைய அடிச்சுறாதீக" என்றாள்.

வாத்தியார் அதைக் காதில் வாங்கவில்லை.

இப்போது பையன்கள் நோட்டை அடுக்கினார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பொன்னுராஜின் எழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்தது. ஒச்சாண்டிக்கு ழகரமே வரவில்லை. முப்பத்தொன்றும் முடிந்தது. ஒருவனும் அகப்படவில்லை. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது இதற்குத்தானா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பெண்பிள்ளைகளின் மூன்று நோட்டுகள் தனியே கிடந்தன. திருத்த வேண்டுமே என்பதற்காகத்தான் எடுத்தார். இரண்டாவது நோட்டில் ழகரம் வாலைச் சுழித்துக்கொண்டு நின்றது.

"மலையம்மா, இங்கன வா."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை வந்து நின்றாள். வாத்தியார் தாளை விரித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். மற்றொரு கையில் பிரம்பு ஏறியிருந்தது.

"இது நீ எழுதுனதா?"

"ஆமா சார்."

"நல்லகண்ணு வாத்தியார் சொன்னாரா?"

"இல்ல சார். அவுகள எனக்குத் தெரியாது."

"பெறகு எவன் சொன்னான்?"

"உங்க வீட்டு அக்காதான் சார். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். மனு எழுதிப் பழகணும்னு நீங்கதான சொன்னீக?"

ஓங்கிய பிரம்பு ஓங்கினபடியே நின்றது.

மணி அடிக்கும் முன்பே வாத்தியார் வீட்டில் இருந்தார். கஸ்தூரியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வீசினார்.

"என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டியேடி! உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

அவள் பதறவில்லை. முறத்தை இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து மடங்கிப்போன தபால் கார்டு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எங்க அண்ணன் போட்ட கார்டு. சாயந்தரம் வாசிக்கிறேன்னு பையில போட்டீக. மூணாம் நாள் ஆத்தா போயிட்டான்னு ஆள் வந்துச்சு. எல்லாம் முடிஞ்சு வந்து உங்க சட்டைய அலச எடுத்தப்ப இது கிடந்துச்சு. மலையம்மாதான் வாசிச்சுச் சொன்னா."

வாத்தியார் கார்டைப் பார்த்தார். ஆத்தாளுக்கு முடியவில்லை, உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், உடனே புறப்பட்டு வா என்று இருந்தது. கார்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். ஆனாலும் வாத்தியார் அல்லவா, எதையாவது கண்டிக்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்காக... ஒரு பச்சப்பிள்ளைய இதுல இழுத்து எழுத வைக்கலாமா?"

கஸ்தூரியம்மாள் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு வருசமாக் கேட்டேனே, சொல்லிக்குடுத்திருந்தா நானே எழுதியிருப்பேன்."