சோப்பு வாசனை

"இன்னைக்காவது சொல்லுங்க. அந்தச் சட்டையெல்லாம் எவ துவைச்சா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் நெஞ்சு டாக்டரின் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்த உடனேயே ஜெயபாய் ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் அவள் கணவர் வைகுண்டராஜ் வாசல்படி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நரைத்த பெரிய மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

"பேரன் பேத்தி எடுத்தாச்சு. இன்னும் என்ன ஒளிவு?"

"செத்த நேரம் சும்மா இருட்டி. டாக்டரம்மா கூப்பிடப் போறாக."

ரிட்டையர் ஆகும்வரை வைகுண்டராஜ் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். கொதிக்கும் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் துணியும் கயிறும் சுற்ற வேண்டும். நைந்துபோன பழைய சுற்றைப் பிய்த்துப் போட வேண்டும். வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறுவார்.

அந்தச் சனிக்கிழமைகள்தான் ஜெயபாய்க்கு இன்னமும் உறுத்தல்.

"அதே பஸ்ஸுலதான் உங்ககூட வேலை பாத்த நம்ம தெரு மாரீஸ்வரன் அண்ணனும் வருவாரு. தோள்ல ஒரு வாரத்து அழுக்கு மூட்டை தொங்கும். அவரு பொண்டாட்டி பாண்டீஸ்வரி அதைப் பிரிச்சு, தெருக்குழாய்க்கிட்ட நின்னு உதறு உதறுன்னு உதறித் துவைப்பா. வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி பறக்கும். மில்லுக்குப் போயிட்டு வந்த எங்கப்பா சட்டைய எங்கம்மா உதறுத மாதிரியே இருக்கும். ஏக்கமாப் பாத்துக்கிட்டே நிப்பேன். நீங்க?"

"நான் என்ன?"

"தலைக்குக் குளிச்சு, தேய்ச்ச சட்டை போட்டு, சோப்பு வாசனையோட புதுமாப்பிள்ளை கணக்கா இறங்குவீங்க. எதிர்வீட்டு விஜி அன்னைக்கே கேட்டா. 'கரிக்குள்ள வேலை பாக்குதவுக இம்புட்டு வாசனையா எப்பிடிக்கா வாராக? அங்கன துவைச்சுக் குடுக்க ஆள் இருக்கும்போல'ன்னு."

"அவ வாய்க்கு வேலை வேணும்."

"அவ கேட்டதுல என்ன தப்பு? ஒரு நாள் சண்டை போட்டு உங்க பையைப் பிடுங்கிப் பாத்தேன். ஒரு அழுக்குத் துணி இல்லை. பச்சைப்பிள்ளை உங்களைப் பாத்துத் தாவும். அப்பவும் வீட்டுல மறுபடி ஒரு குளியல் போட்டுட்டுத்தான் தூக்குவீங்க. எவ வாசனையக் கழுவுனீங்களோ?"

எதிர் பெஞ்சில் இருந்த பெரியவர் இருமுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். வைகுண்டராஜ் நெளிந்தார்.

"மெதுவாப் பேசு. ஆளுக இருக்காக."

"சரி, அதை விடுங்க. மூச்சு வாங்குதது உங்களுக்கு. போன வாரம் என்னை எதுக்கு அந்த மெஷினுக்குள்ள படுக்கப் போட்டீங்க?"

"துணைக்குத்தான்."

"மெஷினுக்குள்ளயுமா துணை?"

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஜெயபாய் யாரும்மா?"

"என்னையா? அவியளைக் கூப்பிடும்மா" என்றாள் ஜெயபாய்.

ஆனால் வைகுண்டராஜ் ஏற்கெனவே எழுந்து அவள் கையைப் பிடித்திருந்தார்.

உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வைகுண்டராஜ் படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. நீங்க பயந்த மாதிரி உங்க மனைவிக்கு எதுவும் இல்லை."

வைகுண்டராஜ் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னுடையது எப்படி இருக்கிறது என்று கேட்கவே தோன்றவில்லை அவருக்கு. டாக்டரேதான் சொன்னார். "உங்க நுரையீரல் பாதிப்பு போன வருஷம் இருந்த அளவுலயே நிக்குது. தினமும் நடங்க. மருந்தை விட்டுடாதீங்க."

ஜெயபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கு என்னம்மா வரப்போகுது? நான் அந்த பிளாண்ட் வாசலைக்கூட மிதிச்சதில்லையே."

"உங்க தெரு பாண்டீஸ்வரி அம்மாவும் மிதிச்சதில்லை. சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்த தூசியே போதும்மா. அம்புட்டும் மூச்சுல போய், இத்தனை வருஷம் கழிச்சு நுரையீரல்ல காட்டுது. நல்லவேளை, அவங்களுக்கு ஆரம்பத்துலயே பார்த்துட்டோம். அதைக் கேட்டுத்தான் இவர் உங்களை இழுத்துட்டு வந்தார்." டாக்டர் படத்தை உறைக்குள் வைத்தார். "ஆமா, இவர் வேலைச் சட்டையை உங்க வீட்டுல யார் துவைச்சது?"

ஜெயபாய் முகம் இறுகியது. "அதைத்தான் நானும் கேக்கேன்."

வைகுண்டராஜ் மீசையைத் தடவினார்.

"நாந்தான் டாக்டர். அங்கேயே குழாயடியில நனைச்சு அலசிப் போட்டுட்டு, வேற சட்டையோட பஸ் ஏறிருவேன். எங்க மேஸ்திரி சம்சாரம் அவரு மாதிரியே இருமுததைப் பாத்தேன். தூசியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. மாரீஸ்வரன்கிட்டயும் சொன்னேன். பொண்டாட்டி இருக்கையில நான் எதுக்குத் துவைக்கணும்னு சிரிச்சான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றாள் ஜெயபாய்.

"சொன்னா, மறுநாள் வேலைக்கு விட்டிருப்பியா?"

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பால்கோவாக் கடை வந்ததும் நின்றாள்.

"பாண்டீஸ்வரிக்கு அரைக் கிலோ வாங்குங்க. நேரா அவ வீட்டுக்குத்தான் போறோம். பொறவு, விஜிக்கும் ஒரு பொட்டலம்."

"அவளுக்கு எதுக்குட்டி?"

"சட்டை துவைச்சவளைக் கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லணும்லா" என்றாள் ஜெயபாய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆளு நல்லாத்தான் இருக்கா, மீசைதான் கொஞ்சம் பெரிசுன்னு."