லேட்டாத்தான் வருது

"பாவா, நம்ம வூட்டுக்குள்ள யாரோ ஒருத்தன் கீறான்!"

தமயந்தி போட்ட கத்தலில் தரிசன வரிசையே திரும்பிப் பார்த்தது. கணவன் பிரேம்குமார் வெடுக்கென்று போனைப் பிடுங்கினான். கே.ஜி.கண்டிகை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த கேமராவின் படம் அதில் ஓடியது.

ஓடியது என்று சொல்வதே தப்பு. விட்டு விட்டு, கட்டம் கட்டமாக மங்கலாய் வந்தது. பாயில் காய்ச்சலோடு படுத்திருக்கும் மகள் யுவஸ்ரீ. அவள் தலைமாட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். மொட்டைத் தலை, அதில் சந்தனம். அதோடு படம் நின்றுபோய், நடுவில் வட்டம் மட்டும் சுற்றியது.

"உன் தங்கச்சி எங்க? புள்ளையப் பாத்துக்கத்தானே ஷாலினிய வுட்டுட்டு வந்தோம்!"

"கடைக்குப் போயிருப்பா. இரு, போன் போடறேன்."

போகவில்லை. மறுபடி போட்டான். ம்ஹூம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் இத்தனை ஜனம் ஏறினால் அத்தனை போனும்தானே கூட ஏறுகிறது? டவர் பாவம், என்ன செய்யும்?

"போலீசுக்குப் போடு பாவா!"

"அதுவும் போவல. போனாலும் இன்னான்னு சொல்றது? மொட்டத் தலைன்னா? இன்னிக்கு ஊரே மொட்டை அடிச்சிகினு கீது!"

படம் ஒரு துள்ளு துள்ளியது. அந்த ஆள் குனிந்து யுவஸ்ரீயின் போர்வையை விலக்கினான். மறுபடியும் வட்டம்.

"ஐயோ முருகா, என் புள்ள!" தமயந்தி சுற்றுமுற்றும் வழி தேடினாள். இறங்கி ஓடலாம் என்றால் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு, முன்னும் பின்னும் ஆள் மேல் ஆள்.

அப்போது டிங்கென்று ஒரு மெசேஜ் வந்தது. ஷாலினி அனுப்பியது.

'அண்ணி, அண்ணன் வந்து வேட்டி எடுத்துகினு கிளம்பிட்டாரு. பாப்பா தூங்குது.'

படித்த பிரேம்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட! மறந்துட்டு வந்த புது வேட்டிய எடுக்க காலைல வூட்டுக்குப் போனேனே, அப்ப அனுப்புனது இது. மெசேஜே இப்பத்தான் வருதுன்னா படமும் லேட்டாத்தான் வருது. அது நான்தான்டி! பாப்பாவுக்கு ஜுரம் கீதான்னு தொட்டுப் பாத்துட்டுதானே வந்தேன்!"

தமயந்தி படத்தைப் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள். அதே மொட்டை, அதே சந்தனம். அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "போ பாவா, கொஞ்ச நேரத்துல கொன்னுட்டியே!"

"கட்டுன புருஷனையே அடையாளம் தெரியலையாம்மா?" என்று பின்னால் நின்ற பெரியவர் கேட்க, வரிசை மொத்தமும் சிரித்தது.

தமயந்தி அவன் காது மடலில் ஒட்டியிருந்த மயிர்த் துணுக்கைத் தட்டிவிட்டாள். "குளிச்சும் முடி போவல பாரு. எத்தினி மணிக்கு மொட்டை அடிச்ச?"

"ஒம்போது இருக்கும். வேட்டிய எடுத்துகினு வந்தப்புறம்தானே..."

பிரேம்குமார் பாதியில் நிறுத்தினான். வேட்டி எடுக்க வீட்டுக்குப் போனபோது அவன் தலையில் முடி இருந்தது.