மின்னல் வேகம்

"மின்னல் ஒரே ஆளா இத்தனையும் முடிக்கறாங்க. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?"

மேலாளர் திரையைச் சுட்டிக் காட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, யார் எவ்வளவு முடித்தார்கள் என்று காட்டும் பலகை அது. அஜைல் எனப்படும் இந்த முறைக்கு மாறியதிலிருந்து அந்த மென்பொருள் குழுவின் தலையெழுத்து அதில்தான் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருத்தியின் வரிசை மட்டும் மளமளவென்று நிறைந்திருந்தது. அவளுடைய பட்டப்பெயர்தான் மின்னல்.

"சார், புள்ளி போடறது எவ்வளவு வேலை இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு இல்ல," என்றாள் குழுவில் பிழை சோதிக்கும் டெஸ்டர்.

"பாடம் நடத்தாதேம்மா. அடுத்த ரெண்டு வாரச் சுற்றுலேருந்து எல்லாருக்கும் மின்னலோட அளவுதான் இலக்கு."

மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கலைந்தார்கள். டெஸ்டர் மட்டும் அவர் பின்னாலேயே வந்தாள்.

"மின்னல்கிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்க சார். முன்னெல்லாம் அவ ஒரு வேலையை முடிச்சு அனுப்பினா, கூடவே என்னை நாலு வார்த்தை கிண்டல் பண்ணுவா. இப்ப 'முடிந்தது'ன்னு ஒத்தை வார்த்தை. போன் பண்ணினா எடுக்கறதில்ல. என்மேல கோபமோ என்னவோ."

"வேலையில மூழ்கியிருக்காங்க, நீ எதுக்குப் போய் நோண்டறே? முன்னாடி தினம் காலையில நின்னுக்கிட்டே கூட்டம் போட்டோமே, என்ன நடந்துச்சு? உன் பிள்ளைக்குச் சளி, இன்னொருத்தர் வீட்டுல குழாய் ஒழுகுதுன்னு ஊர்க்கதைதான் ஓடுச்சு. அதை நிறுத்திட்டு மூணு வரி டைப் பண்ணுங்கன்னு சொன்னப்புறம்தான் குழு உருப்பட்டுச்சு. நேத்து என்ன முடிச்சீங்க, இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க, தடங்கல் ஏதாவது உண்டா. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அந்தச் சுற்றில் யாராலும் இலக்கைத் தொட முடியவில்லை. அரைகுறையாகச் செய்ததையெல்லாம் முடிந்ததாகக் காட்டித் தள்ளிவிட்டார்கள். அடுத்த சுற்றில் அவையே பிழைகளாகத் திரும்பி வந்து கழுத்தை நெரித்தன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டெஸ்டர் லீவு கேட்டாள். இந்தச் சுற்று முடியட்டும் என்றார் மேலாளர். முடிந்த அன்றே அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னொருவரும் கிளம்பினார்.

மின்னல் மட்டும் சளைக்கவில்லை. மிச்சம் விழுந்ததையும் எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். நிர்வாகம் அவளுக்குச் சிறந்த ஊழியர் கேடயம் அறிவித்தது. விழாவுக்கு அழைத்தபோது 'வர இயலாது' என்று பதில் வந்தது. கேடயத்தை நேரில் கொடுத்து, அப்படியே அவளைக் குழுத் தலைவியாகவும் ஆக்கிவிடலாம் என்று மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வீட்டு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவர் அவளுடைய கணவர். ஷேவ் செய்து நாளாகியிருந்தது. கேடயத்தைப் பார்த்ததுமே வந்திருப்பது யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வாங்க சார்."

கூடத்து மேஜையில் லேப்டாப் திறந்து கிடந்தது. அதில் குழுவின் பலகை.

"லீவு நாள்லயும் வேலையா? கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்க. கூப்பிடுங்க, கையில குடுத்துட்டுப் போயிடறேன்."

கணவர் கேடயத்தை வாங்கி, அதில் பொறித்திருந்த பெயரை விரலால் தடவினார்.

"மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா சார். தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ, உயிரோட திரும்பி வரல."

மழைக்காலம் முடிந்தே பல வாரங்கள் ஆகியிருந்தன. மேலாளர் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... இந்த வேலையெல்லாம்?"

"நான்தான். நானும் இதே தொழில்தான். வேலை போய் வீட்டுல இருந்தேன். மறைச்சது தப்பு. கேஸ் போடறதுன்னாலும் போடுங்க. அவ சம்பளத்தை நான் தொடக்கூட இல்ல. உங்களுக்கு விஷயத்தைச் சொல்லணும்னுதான் அன்னிக்கு இதைத் திறந்தேன். அதுக்குள்ள உங்க செய்தி வந்துடுச்சு. அவ பேரைச் சொல்லி காலை வணக்கம் வச்சு, நேத்து என்ன முடிச்சீங்கன்னு கேட்டிருந்தீங்க."

கணவர் கேடயத்தை லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

"சொந்தக்காரங்க யாரும் இப்ப அவ பேரையே எடுக்கறதில்ல சார். நான் உடைஞ்சு போயிடுவேன்னு பயம். விடிஞ்சா மறக்காம அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான். அதை நிறுத்த எனக்கு மனசு வரல."

அவர் மேலாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் அவரவர் பெயரைப் போட்டு அந்தச் செய்தியை அனுப்புவது வெறும் கணினிதான் என்று மேலாளரால் அவரிடம் சொல்ல முடியவில்லை.