அத்தானின் இடுப்பளவு

காட்டுக்குள் இரண்டு உருண்டைப் பாறைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடுக்கில் அத்தான் சிக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் வௌவால் நாற்றம் அடிக்கும் குகை. முன்னால், முதலில் நுழைந்து வந்துவிட்ட அக்காவும் நானும் நிற்கும் பழைய கல்குவாரியில் கண் கூசும் வெயில். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவர், இடுக்கைக் கண்ணாலேயே அளந்து, "தாராளமா போலாம்" என்றவர், தன் இடுப்பை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. வெளியே நீண்டிருக்கும் அவர் கையை அக்கா இரண்டு கைகளாலும் பற்றியிருக்கிறாள். அவள் உதடு வெளுத்திருக்கிறது. "மூச்ச வெளிய விடுங்க. முழுசா விடுங்க." இடுக்குக்குள் நீளமாக ஒரு மூச்சு வெளியேறுவது கேட்கிறது. நானும் சேர்ந்து இழுக்கிறேன். துணி கிழிகிறது, பொத்தான் ஒன்று தெறித்து, உளித் தழும்புகள் நிறைந்த பாறையில் பட்டு, குவாரிக் குழியில் தேங்கிய குட்டையின் பச்சைத் தண்ணீருக்குள் போகிறது. அதன் பின்னாலேயே அத்தானும் புழுதியோடு வந்து விழுகிறார். எழுந்து நின்று சட்டையைத் தடவிப் பார்த்து, "நல்ல பொத்தான்" என்கிறார். "இன்னொரு வார்த்த பேசினீங்க, திரும்பவும் உள்ள தள்ளிருவேன்." அக்காவின் குரல் உடைகிறது. அவர் பையில் எப்போதும் கிடக்கும் அளவு நாடாவை உருவி, இடுப்பைச் சுற்றிப் போடுகிறாள். அத்தான் சட்டென்று வயிற்றை எக்கிக்கொள்கிறார். "எக்காதீங்க." தொப்பை மெல்லத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. நாடாவின் முனைகள் சேர்ந்துவிட்டன. அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. சுற்றிய கைகளை எடுக்கவும் இல்லை.