நாலு சக்கரமும் மேலே

கூடலூர் மலைப்பாதையில் நின்றுபோன ஃபோர் வீல் டிரைவ் காரின் முன்பக்கத்தை, மீட்பு வண்டிக்காரர் தினகரன் கொக்கியில் மாட்டப் போனார்.

"நிறுத்துய்யா!" குளிர் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டிருந்த எஸ்டேட் முதலாளி ரவிக்குமார் அதட்டினார். "பின்சக்கரம் தரையில உருண்டா கியர்பாக்ஸ் போயிரும். நாலு சக்கரமும் லாரி மேல ஏறணும்."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே! டிரைவர் இல்லீங்களா?" என்றார் தினகரன்.

"சுடலைமுத்துவை நேத்துதான் வேலையைவிட்டு நிறுத்தினேன். வண்டி எனக்கே அத்துப்படி. அவன் எதுக்கு?"

தினகரன் போன் போட்டு வரவழைத்த லாரி வந்தது. காரை மேலே ஏற்றிய தினகரன் கேட்டார்: "ஏனுங்க, காரைக் கட்டற பெல்ட்டை எங்க மாட்டறது? அச்சுலயா?"

ரவிக்குமார் கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். பிறகு கணீரென்று சொன்னார்: "அச்சுல வேண்டாம், சக்கரத்துல மாட்டு. ஹேண்ட் பிரேக்கைப் போடு. அவன் எதுக்குன்னு கேட்டீங்களே தொரை, நாளைக்கு வேலைக்கு வரட்டுங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினார்.

குல்லாவின் ஓரத்தில் இயர்போன் எட்டிப் பார்த்தது.

"வரச் சொல்லுங்க சார்," என்றார் தினகரன். "வண்டி தெரிஞ்ச ஆளுங்க அவரு."