இருநூற்றுப் பதினாறு

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஆற்றோரக் காலிமனை முழுக்க எருக்கு மண்டிக் கிடந்தது. ஞாயிறு காலைகளில் ஜெய்ராமும் மனைவி அமலாவும் அங்கே வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, சிறகில் மார்க்கர் பேனாவால் எண் எழுதி, நோட்டிலும் குறித்துக்கொண்டு பறக்கவிடுவார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தவரின் முதலெழுத்து. அவளுடைய ‘அ’வின் வால் எப்போதும் நீண்டுவிடும். “பூச்சி பறக்கணுமா வேண்டாமா?” என்று அவர் சிரிப்பார்.

மார்கழியில் அவர் இறந்தபோது நோட்டில் கடைசி எண் 212. பிறகு அமலா பேனாவைத் தொடவே இல்லை.

ஆடியில் மகள் ஹம்சினிதான் வற்புறுத்தி அழைத்துவந்தாள். வலையில் விழுந்த முதல் பூச்சியின் சிறகில் 213 என்றிருந்தது. பக்கத்தில் ‘ஜெ’.

“பாபா நோட்டுல ஏத்த மறந்திருப்பார்மா.” அப்பாவை அவள் வங்காளிப் பிள்ளைகளைப் போலத்தான் கூப்பிடுவாள்.

“எழுதி ஏழு மாசமாச்சே. இது மூணு வாரம் தாண்டி உயிரோட இருக்காதுடி.”

ஹம்சினி குனிந்து அந்த எண்ணை மறுபடி படித்தாள்.

அடுத்த ஞாயிறு 214 கிடைத்தது. அதற்கடுத்த ஞாயிறு 215. இரண்டிலும் ‘ஜெ’. அமலா தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்; மார்க்கர் பேனாவை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

இன்று தூறல். எருக்கிலைக்கு அடியில் ஒன்றே ஒன்று ஒண்டியிருந்தது. அமலா அதை விரல்களுக்குள் எடுத்தாள்.

“இதுவும் பாபாவோடதாம்மா?” குடையை மடக்கியபடி ஹம்சினி கேட்டாள்.

216. பக்கத்தில் ‘அ’. வால் சிறகின் ஓரம்வரை நீண்டிருந்தது.

“பாபாவோடதுதான்” என்றாள் அமலா. மகள் கிட்டே வருவதற்குள் விரல்களைத் திறந்துவிட்டாள்.